காற்றுப் பைக்குத் தேங்காய் எண்ணெய்

‘பழுதுக்கான காரணம் என்ன?’

டைப் அடித்த படிவத்தில் ஏழாவது கேள்வி இது. பதில் எழுத ஒரே ஒரு வரிதான் இடம். மற்ற எல்லாவற்றையும் என் கையெழுத்தில் அழகாக நிரப்பிவிட்டேன். ஏழாவது மட்டும் ஒரு வாரமாகக் காலியாக இருக்கிறது. என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை...

நாங்கள் அந்தமானில், சௌல்தாரியில் குடியிருப்பது ஒரு வண்டியில் என்று முன்பே எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக மறுபடியும் — சர்வே வேலைக்காக மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த பழைய வெளிநாட்டு வண்டி. என்னைவிட ஒரு வயதுதான் இளையது. உள்ளே இரண்டு கட்டில், ஸ்டவ் மேடை, தண்ணீர்த் தொட்டி. சர்வே முடிந்தது; வண்டி இங்கேயே தங்கிவிட்டது. என் கணவர் ஓவர்சியர். குவார்ட்டர்ஸ் கட்டி முடியும் வரை இதில் இருங்கள் என்று கொடுத்திருக்கிறார்கள்.

இந்த வண்டிக்கு இரும்பு ஸ்பிரிங் கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் ஒவ்வொரு ரப்பர் பை, அதற்குள் காற்று. எங்கள் வீடு, பாத்திரம், ஒன்பது மாதப் பாப்பா எல்லாம் அந்தக் காற்றின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறோம். டிரைவர் தாஸ் காலையில் வந்து இன்ஜினை ஓட விடுவார். பைகளில் காற்று ஏற ஏற, அடைகாத்த கோழி எழுந்து நிற்பதுபோல் வண்டி மெதுவாக எழும்பும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

இரண்டு வாரத்துக்கு முன் திங்கட்கிழமை எழும்பவில்லை. சமையல் பக்கம் சாய்ந்தபடியே நின்றது. மேடையில் வைத்த பால் டம்ளர் தானாக நகர்ந்து கதவுவரை போயிற்று.

அன்று பார்த்தா செய்தி வரவேண்டும்? சனிக்கிழமை பெரிய அதிகாரி போர்ட் பிளேரிலிருந்து வருகிறார். வண்டி தேறுமா என்று பார்ப்பார். தேறாவிட்டால் ‘கண்டம்’, அதாவது இனி உதவாது என்று எழுதி ஏலத்தில் தள்ளிவிடுவார்கள். நானும் பாப்பாவும் அடுத்த கப்பலில் சென்னைக்கு. இவர் மட்டும் இங்கே. பாப்பா இப்போதுதான் அப்பாவைப் பார்த்துக் கை நீட்டப் பழகியிருக்கிறாள். திரும்பி வரும்போது அடையாளம் தெரியுமா?

செவ்வாய்க்கிழமை சுலைமான் பாய் பஸ்ஸில் வந்து இறங்கினார். ராமநாதபுரத்துக்காரர், போர்ட் பிளேரில் லாரி மெக்கானிக். கையில் ஒரு கோணிப் பை. அதற்குள் பழைய செய்தித்தாளில் சுற்றிய இரண்டு புது ரப்பர் பைகள் — வண்டியோடு கப்பலில் வந்து ஸ்டோரில் கிடந்தவை. அந்தமான் முழுக்கத் தேடினாலும் மூன்றாவது கிடையாது.

பாய் முதலில் கேட்டது சோப்புத் தண்ணீர். பாப்பாவைக் குளிப்பாட்டும் சோப்பைக் கரைத்துக் கொடுத்தேன். மரக்கட்டைகளை அடுக்கி, வண்டியின் பாரத்தை அதில் இறக்கிய பிறகுதான் கீழே படுத்தார். சமையல் பக்கத்துப் பின்பையில் சோப்பு நுரையைத் தடவினார். குமிழ் குமிழாகப் பொங்கியது. ஓட்டை அங்கேதான்.

பிறகு விரலால் ரப்பரைத் தேய்த்து, முகர்ந்து பார்த்தார்.

“அரே தாஸ். எண்ணெய் தடவுனது யாரு?”

“மைனே குச் நஹி கியா, பாய்.” நான் ஒன்றும் செய்யவில்லை என்று தாஸ் கையை விரித்தார்.

“நீ இல்லேன்னா பேயா வந்து தடவுச்சு? அதுவும் தேங்கா எண்ணெய். பச்சப் புள்ளைக்குத் தேய்க்கிற மாதிரி மடிப்பு மடிப்பாத் தேச்சிருக்கான் பாருங்க சார்.”

இவர் தாஸைப் பார்த்தார். தாஸ் வானத்தைப் பார்த்தார். நான் டீ போட உள்ளே போய்விட்டேன்.

தடவியது நான்தான்.

உப்புக் காற்றில் ரப்பர் வறண்டு கோடு விட்டிருந்தது. பாப்பாவின் தோல் வறண்டால் என்ன செய்வேன்? அதைத்தான் செய்தேன். வெள்ளிக்கிழமைதோறும் பாப்பாவுக்குத் தேய்த்த கையோடு, சக்கரத்துக்கு மேலே கையை விட்டு அதற்கும் ஒரு தேய்ப்பு. படித்தவள்தான். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்... கேட்கவில்லை.

சாயங்காலம் வரை பாய் தாஸை விடவில்லை. “உங்க ஊர்ல வண்டிக்கு மஞ்சளும் பூசுவீங்களா தாஸ்?” தாஸ் என் டீயைக் குடித்துக்கொண்டே நின்றார்.

அப்புறம் பாய் இவரிடம் சொன்னார்: “சார், எண்ணெய் பட்ட ரப்பர் உள்ளுக்குள்ள இளகிப்போகும், வெளியே தெரியாது. எத்தனை பையில பட்டிருக்குன்னு தெரியணும். நாலுலயும்னா ரெண்டை வெச்சு நான் என்ன செய்ய? எல்லாத்தையும் கழட்டிட்டு லாரிப் பட்டை ஸ்பிரிங் போட வேண்டியதுதான். அதுக்கு ஒரு மாசம். படா சாப் சனிக்கிழமை வர்றார்.”

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

“இந்தப் பக்கம் ரெண்டு மட்டும்தான் பாய். அந்தப் பக்கம் பள்ளத்தில் அட்டைப்பூச்சி. நான் போனதே இல்லை.”

பாய் என் கையைப் பார்த்தார்.

“இந்தச் சந்துலயா கையை விட்டே? காத்து இறங்கி வண்டி உக்காந்திருந்தா கை என்ன ஆகியிருக்கும், தங்கச்சி?”

அதை நான் யோசித்ததே இல்லை. பாப்பாவுக்கு விளக்கெண்ணெய் கொடுக்கலாமா கூடாதா என்று மூன்று நாள் யோசிக்கிறவள், இதை யோசிக்கவில்லை.

“தாஸ், மாஃப் கரோ,” என்றார் பாய். “கோயி பாத் நஹி,” பரவாயில்லை என்றார் தாஸ். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

அதற்கடுத்த இரண்டு நாளும் நான் பார்த்த வேலை இருக்கிறதே... பாய் இரண்டு பைகளையும் மாற்றினார். பைகளுக்குக் காற்றைச் சேர்த்து வைக்கும் தொட்டியின் அடியில் ஒரு சின்னத் திருகு வைத்தார். திறந்ததும் துருத் தண்ணீர் ஒரு லோட்டா வந்தது. இந்த ஈரக் காற்றில் தினமும் அதை வடிக்க வேண்டுமாம். ஒவ்வொரு பைக்கும் தனித்தனியாக ஒரு குழாய்த் திருகு. ஒன்று ஒழுகினாலும் மற்ற மூன்றும் இறங்காது. வண்டியைச் செய்த வெளிநாட்டுக்காரருக்குத் தோன்றாத யோசனை. சமையல் பக்கமே பாரம் அதிகம் என்று தண்ணீர்த் தொட்டியை எதிர்ப்பக்கம் மாற்றினார். நான் தினமும் அந்தப் பக்கம் நின்று சமைக்கிறேன். எனக்கு ஏன் தோன்றவில்லை?

வெள்ளிக்கிழமை சோதனை. மேஜையில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிய டம்ளர். பாப்பா கட்டிலில் தூக்கம். தாஸ் ஓட்ட, சௌல்தாரியின் பள்ளங்கள் அத்தனையிலும் ஏறி இறங்கினோம். டம்ளர் சிந்தவில்லை. பாப்பா புரண்டுகூடப் படுக்கவில்லை. பாய் மட்டும் கண்ணை மூடி, காதைக் கூர்மையாக்கி உட்கார்ந்திருந்தார். “பக்கா,” என்றார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை அதிகாரி ஏறினார், உட்கார்ந்தார், குதித்துப் பார்த்தார். இன்னும் ஒரு வருடம் ஓடட்டும் என்றார். போகும்போது இந்தப் படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். இவர் அதை அப்படியே என்னிடம் நீட்டி, “எண்ணெய் தடவின கையே எழுதட்டும்,” என்றார். வேறு ஒரு வார்த்தை திட்டவில்லை.

இப்போது ஏழாவது கேள்வி. ‘உப்புக் காற்று’ என்று எழுதினால், இந்த ஊருக்கு ஒத்துவராத வண்டி என்று கண்டம் செய்துவிடலாம். ‘டிரைவரின் கவனக்குறைவு’ என்று எழுத என் கை வராது. ‘குடியிருப்பவர் எண்ணெய் தடவியது’ என்று எழுதினால், வண்டியில் குடும்பம் தங்கக் கூடாது என்று உத்தரவு வந்தால்? மறுபடியும் அந்தச் சென்னைக் கப்பல்தான்.

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் உங்களிடம் கேட்கிறேன். படிவம் அடுத்த மாதக் கடைசியில் போக வேண்டும். உங்கள் கடிதம் கப்பலில் வந்து சேர நாளாகும், அதனால் உடனே எழுதுங்கள். ஒரு வரிக்குள் அடங்க வேண்டும்.

‘உண்மையை எழுது’ என்று மட்டும் எழுதாதீர்கள். அது எனக்கே தெரியும்.