மூச்சை அளந்த மிஷின்

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம். எனக்கு எட்டு வயது. அப்பாவின் தங்கையைச் சமயநல்லூரில் கட்டிக்கொடுத்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. அவள் மாமியாரே வண்டி கட்டிக்கொண்டு வந்து, ஆனையூரில் எங்கள் வீட்டு வாசலில் அவளை இறக்கிவிட்டுப் போனாள். மருமகள் மேல் அந்த அம்மாள் சொன்ன குற்றம் ஒன்றுதான். சோறு.

"மூணு ஆளு சோத்தைத் திங்கிறா. தின்னும் உடம்புல ஒட்டக் காணோம். எங்க போகுதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அது பொய்யில்லை. அத்தை சாப்பிட்டு எழும்போதே பானைப் பக்கம் பார்ப்பாள். ஆனால் வளையல் முழங்கைவரை வழுகிப் போகும். மார்கழிக் குளிரில் நாங்கள் போர்த்திக்கொண்டு கிடக்க, அவளுக்கு மட்டும் வேர்த்து ஊற்றும். கை நடுக்கத்தில் செம்புத் தண்ணீர் பாதி கீழே சிந்தும். கண் இரண்டும் பிதுங்கி நின்றன. கூடவே ஒன்று உட்கார்ந்து தின்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் நம்பினேன். அத்தை சாப்பிடும்போது பக்கத்தில் யாராவது தெரிகிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன்.

அப்பா பேயோட்டும் கோடாங்கியிடமும் போனார், மதுரை ஆஸ்பத்திரிக்கும் போனார். அங்கே டாக்டரம்மா அத்தையின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். மூச்சை அளக்கும் மிஷின் ஒன்று வந்திருக்கிறதாம். சும்மா படுத்துக் கிடக்கும்போதே உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்று அது காட்டிவிடுமாம்.

"முந்தின நாள் ராத்திரியிலருந்து ஒண்ணும் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டா உடம்பு கூடுதலா எரிக்கும். மிஷினும் கூட்டிக் காட்டிரும்" என்று அத்தையிடம் இரண்டு முறை சொன்னார்.

சமயநல்லூருக்கு ஆள் அனுப்பினோம். நோய் என்று மிஷின் சொன்னால் வைத்தியம் பார்த்து அழைத்துக்கொள்கிறோம், இல்லையென்றால் தை மாதம் மகனுக்கு வேறு பெண் பார்க்கிறோம் என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை காலையில் போனோம். நடந்தால்கூட அளவு கெட்டுவிடும் என்று அத்தையை வண்டியிலிருந்து மெல்ல இறக்கி வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அப்பா சீட்டு வாங்கப் போனார்.

"மருமகனே, டவுசர்ப் பையில என்ன?"

"கடலை."

"எம்புட்டு இருக்கு?"

"ஒரு கை இருக்கும். நீங்க திங்கக் கூடாதுல்ல அத்தை?"

"பெரிய டாக்டரு இவரு. குடுறா."

அப்பா போன திசையைப் பார்த்துக்கொண்டே அள்ளிப் போட்டு மென்றாள். தோலைக்கூட ஊதவில்லை. விக்கல் எடுத்து, கண்ணில் நீர் வந்துவிட்டது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "எங்கண்ணங்கிட்டச் சொன்ன, தொலைச்சிருவேன்" என்றாள். ஒரு காலைப் பொழுதைக்கூட இவளால் தாங்க முடியவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

உள்ளே அவள் மாமியாரும் புருஷனும் சுவரோரம் நின்றிருந்தார்கள். அத்தையைக் கட்டிலில் படுக்க வைத்து, "ஏதாச்சும் சாப்பிட்டியா?" என்று டாக்டரம்மா கேட்டார். அத்தை இல்லையென்று தலையாட்டினாள். அப்பா முந்திக்கொண்டு, "பச்சத் தண்ணி பல்லுல படலம்மா" என்றார். டாக்டரம்மா என்னையும் ஒரு பார்வை பார்த்தார். புது ஆட்கள் முன்னால் எனக்கு வாய் வராது, இன்றைக்கும் அப்படித்தான். தரையைப் பார்த்தேன்.

அத்தையின் மூக்கில் கவ்வி மாட்டி, வாயில் ரப்பர்க் குழாயை வைத்தார்கள். தண்ணீருக்குள் நின்ற தகர டப்பா அவள் மூச்சுக்கு ஏறி இறங்கியது. ஒரு முள் காகிதத்தில் கோடு இழுத்துக்கொண்டே போனது.

"எங்க குடும்பத்துக்கு இந்தத் தகரம் தீர்ப்பு சொல்லப் போகுதாக்கும்" என்று மாமியார் முணுமுணுத்தாள்.

டாக்டரம்மா காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். "படுத்துக் கிடக்கும்போதே இந்தப் பொண்ணு உடம்பு நெல்லுக் குத்துறவ உடம்பு மாதிரி எரிக்குது. திங்கிறது இவளுக்கே பத்தல. கழுத்துல ஒரு சுரப்பி உடம்பைப் போட்டு விரட்டுது. அதை அறுத்து எடுக்கணும்."

"உசுருக்கு ஒண்ணும் ஆகாதுல்லம்மா?" என்றார் அப்பா.

"ஆகாதுன்னு நான் எழுதித் தர முடியாது."

மாமியார், "நோவுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் அவ சோத்தைப் பாக்கப் போறேன்?" என்றாள். அதுவரை சுவரை விட்டு அசையாத மாமா, கட்டில் பக்கம் போய் நின்றார்.

மிஷின் கூட்டிக் காட்டியது என் கடலையால்தான். அதற்காக அத்தை கழுத்தை அறுக்கப்போகிறார்கள். சொன்னால் அப்பா கொன்றுவிடுவார். சொல்லாவிட்டால் அத்தை செத்துப்போவாள். அறுவையைத் தாங்கட்டும் என்று பாலில் சொட்டு மருந்து கலந்து கொடுத்து அவளைத் தேற்றிய அத்தனை நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அறுவைக்கு முந்தின நாள் வார்டில் அவள் தனியாக இருந்தபோது அழுதுகொண்டே சொன்னேன். "டாக்டரம்மாகிட்டக் கடலையைச் சொல்லிரட்டுமா அத்தை?"

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நடுங்கும் கைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"நீ சொல்லிட்டன்னு வையி, நான் பொழைச்சாலும் போறதுக்கு எடமில்ல மருமகனே. வாயத் தொறக்காத."

மறுநாள் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். வெயில் வராந்தாவைத் தாண்டி முற்றத்துக்குப் போகும்வரை கதவு திறக்கவில்லை. திறந்தபோது அத்தை உயிரோடு வந்தாள். ஒன்றிரண்டு மாதத்தில் உடம்பு தேறி, கழுத்தில் தழும்போடு சமயநல்லூர் போனாள். நாலு பிள்ளை பெற்றாள்.

கையளவு கடலை அந்த மிஷினை அவ்வளவு தூரம் ஏற்றியிருக்காது, அவள் நோய் நிஜமான நோய்தான் என்று பின்னாளில் ஒரு கம்பவுண்டர் சொல்லி எனக்குத் தெரிந்தது. பாவம், அத்தைக்கு அது தெரிந்திருக்காது. பசி பொறுக்காமல் தின்றாள் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். சாப்பிட்டால் மிஷின் கூட்டிக் காட்டும் என்று டாக்டரம்மா சொன்னதை, எங்கள் எல்லோரையும்விட உன்னிப்பாகக் கேட்டவள் அவள்தான் என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.