உறை என்னுடையது, உள்ளே இருந்த தட்டு வேறு

பார்சல் வந்தால் உடனே பிரிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. கையில் வைத்து எடை பார்ப்பேன். ஒட்டிய டேப்பின் மேல் இன்னொரு டேப் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். மூலை மடங்கியிருந்தால் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வேன். குத்துக்கல்வலசையில் நான் இருக்கும் அறைக்குக் கதவு எண் கிடையாது. அதனால் பார்சல்கள் முக்கிலுள்ள டீக்கடைக்குத்தான் வரும். கடைக்காரர் ஒவ்வொரு முறையும் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, “என்னலே, தோசைக்கல்லா? பொண்டாட்டி இல்லாதவனுக்கு இத்தன தோசைக்கல்லு எதுக்குலே?” என்பார். அவர் தட்டியதில் உள்ளே ஏதாவது விரிசல் விட்டிருக்குமோ என்று அதையும் பார்ப்பேன்.

உள்ளே இருப்பது இசைத்தட்டு. இங்கிலீஷ் பாட்டு. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வெளிநாட்டில் வந்த பாப், ராக் தட்டுகளை இப்போது மறுபடியும் அச்சடித்து விற்கிறார்கள். அந்த மறுபதிப்புகளைத்தான் நான் சேர்க்கிறேன். சேர்ப்பவர்களில் பலருக்கு மறுபதிப்பு என்றால் இளக்காரம். அந்தக் காலத்திலேயே அச்சான முதல் பதிப்புதான் வேண்டும் என்பார்கள். எனக்குப் பழசு என்று சொல்லி விற்பவன் மேல் நம்பிக்கை வந்ததில்லை. அது பழசு என்பதற்கு அவன் வாயைத் தவிர வேறு சாட்சி கிடையாது. மறுபதிப்போ, ‘நான் புதுசு’ என்று தன் அட்டையிலேயே எழுதிவைத்திருக்கிறது.

அதிலும் திருட்டு அச்சு உண்டு. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பாட்டெல்லாம் முடிந்த பிறகு, நடு ஓட்டைக்கு முன்னால் வழவழப்பான ஒரு வளையம் வரும். அதில் எழுத்தும் எண்ணுமாகக் கீறியிருப்பார்கள். எந்த ஆலையில், எந்த அச்சில் வார்த்தது என்பதற்கான அடையாளம் அது. வண்டி நம்பர் மாதிரி எனக்கு அவை மனப்பாடம்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பெரிய காரணம் ஒன்றுமில்லை. அந்த வருஷம் வீட்டில் ஒரு வேளைதான் அடுப்பு எரிந்தது. வெளியே போனால் மூன்று வேளையும் கிடைக்கும் என்றார்கள், போனேன். திருப்பூர், பெங்களூர், பிறகு கோவா. கோவாவில் கடற்கரைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் பாத்திரம் கழுவினேன். கழுவுகிற இடத்துக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு ஓலைத் தடுப்புதான். அந்தப் பக்கம் முதலாளி இசைத்தட்டு போடுவார். ஒரு வார்த்தை புரியாது. சோப்புத் தண்ணீரில் விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து எரியும்போது அந்த கிடார் சத்தம் வந்தால் எரிச்சல் கொஞ்சம் தள்ளிப் போகும். என் இசை அறிவு அவ்வளவுதான்.

இப்போது சாரல் சீசனில் ஐந்தருவியில் பழக்கடை ஒன்றில் நிற்கிறேன். சீசன் முடிந்தால் பெயின்ட் அடிப்பேன், லோடு ஆட்டோ ஓட்டுவேன், வேலை கிடைத்தால் மலையைத் தாண்டிப் புனலூர்ப் பக்கம் போவேன். எங்கே போனாலும் கூடவே தட்டுகள் அடுக்கிய தகரப் பெட்டி வரும். ஆனால் தட்டைச் சுழலவிட என்னிடம் பிளேயர் கிடையாது. ஒன்று வைத்திருந்தேன். வாடகை அறை ஒன்றை அவசரமாகக் காலி செய்தபோது வண்டியிலிருந்து விழுந்து நொறுங்கியது. குற்றாலத்தில் ஒரு ரிசார்ட்டில் பித்தளைக் குழாய் வைத்த கிராமபோன் இருக்கிறது. கேட்டுப் பார்த்தேன். அது விருந்தாளிகள் பக்கத்தில் நின்று செல்பி எடுப்பதற்காம். முள்ளே கிடையாது.

அப்படியிருக்க, இலஞ்சியில் மைக் செட் வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் ஓடுகிற பிளேயர் ஒன்று இருந்தது. அவர் வீட்டுக்கு நான் பெயின்ட் அடிக்கப் போனபோது கொட்டகையில் துணி போர்த்தி வைத்திருந்ததைப் பார்த்தேன். மறுவாரமே ஒரு தட்டோடு போய் நின்றேன். அண்ணாச்சிக்கு என் பாட்டுகள் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. “இவன் எதுக்குலே இப்பிடிக் கத்துதான்? வவுத்து வலியா?” என்பார். ஆனால் முள்ளை அவர்தான் வைப்பார். சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைப்பார். பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் நான் அங்கேதான். தென்காசி வட்டாரத்தில் எனக்குத் தெரிந்த முள் அது ஒன்றுதான்.

போன புரட்டாசியில் எனக்குப் புனலூரில் பெயின்ட் வேலை கிடைத்தது. என் அறையில் தகரக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரரிடமோ அறைக்கு இன்னொரு சாவி இருக்கிறது. புனலூரிலோ வேலை நடக்கிற வீட்டுத் திண்ணையில்தான் படுக்கை. அதனால் இந்தத் தடவை பெட்டியை அண்ணாச்சி வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். மேலாக இருந்தது ஒரு படத்தட்டு. சாதாரணத் தட்டு கறுப்பாக இருக்கும், நடுவில் காகிதம் ஒட்டியிருக்கும். படத்தட்டில் காகிதம் கிடையாது. தட்டு முழுக்கப் படம், அதற்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு படலம், அந்தப் படலத்தில்தான் பாட்டு. இந்தத் தட்டில் ஐந்து ஆட்கள், தோள்வரை முடி, முகங்கள் மட்டும் பெரிது பெரிதாக.

சரஸ்வதி பூஜையெல்லாம் முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் திரும்பி வந்தேன். அண்ணாச்சி என்னைப் பார்த்ததும், “வாலே, கேரளாவுல சோறு போடலையா, இப்பிடி இளைச்சிருக்க?” என்றார். எப்போதும் சொல்வதுதான். ஆனால் படத்தட்டைப் போடச் சொன்னபோது முகம் மாறியது.

“வேற போடுவோம். முள்ளு சரியில்ல.”

முள் சரியில்லையென்றால் வேறு தட்டை மட்டும் எப்படிப் போடலாம்? கேட்கவில்லை. அவர் தன் மனைவியைப் பார்த்தார், மதினி அடுக்களைக்குள் போய்விட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வந்து படத்தட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். ஐந்து முகமும் இருந்தன. ஆனால் தோல் நிறம் கொஞ்சம் சிவந்து தெரிந்தது. எழுத்து கீறிய வளையத்தைத் திருப்பிப் பார்த்தேன். என் தட்டில் இருந்த எழுத்து இல்லை. உறைக்குள் ஓரத்தில் பென்சிலால் நான் வைக்கும் புள்ளி அப்படியே இருந்தது. உறை என்னுடையது, உள்ளே இருந்த தட்டு வேறு. தவறுதலாக நடக்கிற காரியமில்லை இது. யாரோ மெனக்கெட்டு மாற்றியிருக்கிறார்கள்.

மறுநாள் டீக்கடையில் பேச்சோடு பேச்சாக அண்ணாச்சி வீட்டைப் பற்றி இழுத்தேன். கடைக்காரர், “பூஜை லீவுல சென்னை வண்டி ஒண்ணு அங்கன நின்னுச்சேடே. டவுசர் போட்ட ஆளு. உள்ள போயி ரொம்ப நேரம் பேசிட்டுப் போனான்” என்றார். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. டவுசர் போட்ட ஆள், சென்னை வண்டி, மாறிப்போன தட்டு. படம் முழுசாக வரைந்து முடிந்துவிட்டது.

ஆனாலும் கேட்க முடியவில்லை. கேட்டால் முள் போய்விடும். அடுத்த ஞாயிறும் போனேன். அண்ணாச்சி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார், நான் அவர் கொட்டகையைக் கண்ணால் துழாவிக்கொண்டிருந்தேன். புது ஆம்ப்ளிபயர் ஒன்று தெரிந்தது. அது எதை விற்ற காசு என்று யோசித்தேன். மதினி கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். வழக்கத்தைவிட இனிப்பாக இருந்தது. அதையும் யோசித்தேன். ஓடிக்கொண்டிருந்த பாட்டு காதில் ஏறவில்லை. அதற்கு மறு ஞாயிறும் அப்படியே. பாட்டு கேட்பதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், அந்தப் பாட்டும் கேட்கவில்லை என்றால் எதற்கு மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. கேட்டுவிட்டேன்.

“அண்ணாச்சி, என் படத்தட்ட வித்துட்டியளா?”

அவர் கண்ணைத் திறக்கவில்லை. “என்ன சொல்லுத?”

“உறைக்குள்ள இருக்கது என் தட்டு இல்ல. அந்தச் சென்னைக்காரனுக்குக் குடுத்தியளான்னு கேக்கேன்.”

அடுக்களையிலிருந்து மதினியின் குரல்தான் முதலில் வந்தது. “நான் அன்னைக்கே சொன்னேம்லா, தம்பிட்ட உள்ளதச் சொல்லிருங்கன்னு. கேட்டியளா?”

அண்ணாச்சி எழுந்து உள்ளே போய் பழைய பேப்பரில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். பிரித்தேன். என் படத்தட்டு. வளையத்தில் எனக்கு மனப்பாடமான எழுத்துகள். மேலே ஐந்து பேர் நெற்றியிலும் மஞ்சளும் சிவப்புமாகக் கறை. நெற்றியைச் சுற்றி நாரால் தேய்த்த கீறல், கன்னம்வரை.

ஆயுத பூஜைக்கு மைக் செட் வீட்டில் எதையும் விடமாட்டார்கள். ஆம்ப்ளிபயர், குழாய் ஸ்பீக்கர், ஒயர்ச் சுருள், ஜெனரேட்டர், ஏணி, எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். பாட்டுத் தட்டுக்கும் உண்டு. நடுவில் ஒட்டிய காகிதத்தில் ஒரு பொட்டு, பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. மதினி என் பெட்டியைத் திறந்து மேலே இருந்த தட்டை எடுத்து வைத்திருக்கிறார். அதில் காகிதம் இல்லை. முகங்கள் இருந்தன.

“போட்டோன்னா நெத்தியிலதான வைக்கணும்?” என்றார் மதினி. “பழைய பாட்டுன்னு நீங்கதான சொன்னிய. எல்லாரும் போய்ச் சேந்திருப்பாவன்னு நெனச்சேன்.”

“ரெண்டு பேரு இன்னும் உயிரோட இருக்காவ, மதினி.”

“அய்யய்ய” என்று அவர் வாயைப் பொத்திக்கொண்டார். தட்டைவிட அந்த இரண்டு பேரைப் பற்றித்தான் அவருக்குக் கவலையாகிவிட்டது. “எவிய ரெண்டு பேரு?”

காட்டினேன். அந்த இரண்டு நெற்றியிலும் கறை ஆழமாகவே இருந்தது. பூஜை முடிந்து தேங்காயெண்ணெய் விட்டுத் துடைத்திருக்கிறார். போகவில்லை. பிறகு பாத்திரம் விளக்கும் நாரை எடுத்திருக்கிறார். சத்தம் கேட்டு அண்ணாச்சி ஓடிவருவதற்குள் முடிந்துவிட்டது.

“மருமகன் போன்ல இதே மாதிரி ஒண்ணு தேடி வாங்குனேன்” என்றார் அண்ணாச்சி. “நீ வாரதுக்குள்ள வந்துட்டு. உன் உறைக்குள்ள போட்டு வச்சேன்.”

“எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா?”

“குங்குமம் வச்சதுல பாட்டுத் தட்டு போச்சுன்னு சொன்னா நீ நம்பியிருப்பியா? டீக்கடைக்காரன் தட்டுனதுக்கே வெளிச்சத்துல புடிச்சிப் பாக்குத ஆளு நீ.”

நம்பியிருக்க மாட்டேன். அவர் வாங்கியது திருட்டு அச்சு என்று சொன்னேன். வளையத்தில் இருந்த எழுத்துகளையும், படத்தின் சிவப்பையும் விளக்கினேன். அந்த நேரத்தில் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லைதான்.

“அப்போ என்னையும் ஒருத்தன் ஏமாத்திட்டான்” என்றார். “அந்தச் சென்னைக்காரன் ரிசார்ட் கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் வாடகைக்குக் கேட்டு வந்தவன். அதையும் வெளிச்சத்துல புடிச்சிப் பாக்கியா?”

பிறகு மெதுவாகச் சொன்னார். “பெட்டியில உள்ள மத்ததையும் சரிபாத்துட்டியா?”

“பாத்துட்டேன்.”

உண்மையைத்தான் சொன்னேன். பெட்டியை அறைக்குக் கொண்டுபோன அன்றே ஒவ்வொரு தட்டாக எடுத்து, ஒவ்வொரு வளையத்தையும் படித்து முடித்திருந்தேன். இல்லை என்று சொல்வேன் என்றுதான் அண்ணாச்சி எதிர்பார்த்தார் போலிருக்கிறது. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒயர் இழுக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

இரண்டு ஞாயிறு நான் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு மதினி டீக்கடைக்குப் போன் போட்டு, “தம்பி ஏன் வரலைன்னு கேட்டாவ” என்று சொல்லச் சொன்னாராம். யார் கேட்டது என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. நானும் தோண்டிப் பார்த்தேன், பயனில்லை. அண்ணாச்சி கேட்டிருந்தால் ஒன்று, மதினியாகச் சொன்னதென்றால் வேறு. எதுவாக இருந்தாலும் போனேன்.

பெட்டியைக் கொண்டுபோகவில்லை. கையில் ஒரு தட்டு மட்டும். அண்ணாச்சி பிளேயரின் மேலிருந்த துணியை எடுத்தார், தூசி தட்டினார். நான் எப்போதும்போலத் தட்டை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“நீயே வையி” என்றார்.

வைத்தேன். முள் பொருத்திய கையைத் தூக்கினேன். பெயின்ட் பிரஷ் பிடித்த விரல், இந்த வேலைக்குப் பழக்கமில்லை. முள் ஒரு தரம் வழுக்கியது, பிறகு நின்றது. பாட்டு வந்தது. அண்ணாச்சி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். கண்ணை மூடவில்லை.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். ஒரு தட்டோடு போகிறேன், நானே போடுகிறேன், நானே எடுத்து உறையில் வைக்கிறேன். அவர் என் தட்டை விரலாலும் தொடுவதில்லை.