உப்புக் கிணற்றில் ஓர் உப்புமா

அறுபதுகளில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கோதுமை சமைக்கக் கற்றுக்கொடுப்பது என் வேலை. அண்ணாமலை நகரில் பயிற்சி முடித்த கையோடு கடலூர்ப் பக்கம் ஒரு மீனவக் கிராமத்துக்குப் போனேன். கோதுமை ரவை, வெங்காயம், எண்ணெய், உப்பு, அளவு டம்ளர் எல்லாம் பட்டியல்படி பையில் இருந்தன. அந்த ஊர்ப் பெண்கள் மறுபடி வரச் சொன்னால்தான் என் தற்காலிக வேலை நீளும்.

அப்படிச் சொல்லும் முகம் ஒன்றுகூட அங்கே தென்படவில்லை.

"சக்கர வியாதிக்காரங்க துன்றத எங்களுக்கு ஏன் கொண்டாந்த?" என்றாள் என் வயதுக்காரி ஒருத்தி. வேகவைத்த சுறாவை என் முன்னால் தள்ளினாள். "உன்னுத நான் கிண்டறேன். எங்களுத நீ உரி."

சொரசொரத் தோலை உரித்து என் விரல்கள் எரிந்தன. உப்புமாவுக்குக் கிணற்றுத் தண்ணீர் கொதித்ததும், படித்த அளவுப்படி உப்புப் போட்டேன். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள். அந்தக் கிணறே உப்புக் கரிக்கும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியாது. அதே தண்ணீரில் சுறாவை வேகவைத்தவள் ஒரு கல் உப்பும் போடவில்லை. நான்தான் கவனிக்கவில்லை.

"மொதல்ல நீ துன்னு காட்டு, டீச்சரம்மா."

தின்றேன். வாய் வெந்துபோனது. தட்டு காலியாகும்வரை அவர்கள் சிரித்தார்கள்.

கிளம்பும்போது அவள் என் பையிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள். "அடுத்த வாரம் வா. இது இங்கயே கெடக்கட்டும்."

நான் உரித்த சுறாவில் செய்த புட்டை, ஒரு வாய்கூட எனக்குத் தரவில்லை.