வெந்நீர் வந்த கழிப்பறை

பெரிய வாசகங்கள் எல்லாம் பெரிய இடத்தில்தான் பிறக்கும் என்று நமக்கு ஒரு நினைப்பு. ஒன்று மட்டும் கழிப்பறையில் பிறந்தது.

அந்தப் பிளம்பர் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். அவருடைய தம்பி வீடு கட்டியபோது குழாய் வேலை முழுக்க அவரே பார்த்தார். முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு குளியலறைகள். நடுச்சுவரில் இந்தப் பக்கம் நின்று ‘இடது வெந்நீர்’ என்று குறித்தவர், அந்தப் பக்கம் போய் நின்று குழாயைப் பொருத்தினார். இடது வலதானது; ஃப்ளஷ் தொட்டிக்குப் பச்சைத் தண்ணீர் போக வேண்டிய இடத்தில் வெந்நீர்க் குழாய். பூசி, டைல்ஸ் ஒட்டி, மூடியாயிற்று.

விருந்துக்கு வந்த தம்பியின் மாமனார், எழுந்திருக்கச் சோம்பல்பட்டு, உட்கார்ந்தபடியே ஃப்ளஷை அழுத்தினார். கொதிக்கக் கொதிக்க வந்தது. அலறலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு ஓடிவந்தார்கள்.

தம்பிக்குச் சந்தேகமே இல்லை. வேலை நடந்த சமயம், மாமனார் கூட்டிவந்த சிநேகிதர்களிடம் அண்ணனை “நம்ம பிளம்பர்” என்று மட்டும் சொல்லி வைத்திருந்தான். அண்ணன் முகம் சுண்டிப்போனதையும் பார்த்திருந்தான்.

“வஞ்சம் வச்சு செஞ்சிட்டேல்ல? இனிமே என் வாசப்படி மிதிக்காதே.”

‘தெரியாமல் நடந்துவிட்டது’ என்று சொல்லத்தான் பிளம்பர் வாயெடுத்தார். ஆனால் விருந்துக்கு வந்திருந்த கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் பக்கத்திலேயே நின்றார்கள். இடது வலது தெரியாதவன் என்பதைவிட, வஞ்சகன் என்பது கௌரவமாகப் பட்டது.

“ஆமா, வேணும்னுதான் செஞ்சேன்.”

மதிப்பு ஏறிவிட்டது. “ஆளு லேசுப்பட்டவர் இல்லப்பா” என்று கடைத்தெருவில் வழிவிட்டார்கள். வீட்டில்தான் அந்தப் பருப்பு வேகவில்லை.

“அவ்வளவு யோசிச்சு செய்ய உங்களுக்கு ஏதுங்க சாமர்த்தியம்?” என்றாள் மனைவி. “இருக்கிறது ஒரே தம்பி. போய் உண்மையைச் சொல்லுங்க.”

போனார். சொன்னார். தம்பி நம்பவில்லை.

“இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு தப்பா? யாரு காதுல பூ சுத்துறே?”

தான் அயோக்கியன் இல்லை, வெறும் அசடுதான் என்று நிரூபிக்க வேண்டிய நிலைமை எதிரிக்கும் வரக்கூடாது. சரிசெய்தே காட்டுகிறேன் என்று டைல்ஸை உடைத்தார். மாமனார் தள்ளி நின்று மேற்பார்வை பார்த்தார். பிளம்பர் இந்த முனையில் குழாய்களை மாற்றிப் போட்டார். அப்புறம் ஒரு சந்தேகம் வந்து, கீசர் பக்கத்து முனையிலும் மாற்றிப் போட்டார். இரண்டு தரம் மாற்றினால் பழையபடிதானே? குனிந்து ஃப்ளஷை அழுத்தினார். ஆவி முகத்தில் அடித்தது.

முதலில் சிரித்தது மாமனார்தான். “மாப்ளே, கெட்ட எண்ணம் இருந்தா மனுஷன் இப்படிச் சொதப்ப மாட்டார். வஞ்சகம்னு சொல்லாதீங்க, வெவரம் பத்தலைன்னு சொல்லுங்க!”

இன்று ஆபீஸிலும் கல்யாண வீட்டிலும் ஆளுக்கு ஆள் சொல்லும் வாசகம் அந்த ஆவியில்தான் உதயமானது.

தம்பி தோளில் கை வைத்து, “விடுண்ணே” என்றான். அண்ணன் தலை நிமிரவேயில்லை.

மறுநாள் வேறொரு பிளம்பரைத் தானே கூட்டிவந்து, உடைத்த சுவருக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். வந்தவன் எட்டிப் பார்த்துவிட்டு, அந்தத் தொழிலில் எல்லாரும் முதலில் கேட்பதையே கேட்டான்.

“எவன் பார்த்த வேலை இது?”

அண்ணன் டார்ச்சை அணைத்தார்.

“நான்தாம்ப்பா.”