கடலை போட்ட நிரைகளில் வாழை

எழுபதுகளின் நடுவில், மலேசியாவில் ஈப்போ நகரத்துக்குத் தெற்கே கோப்பெங் பக்கத்துச் சிறுதோட்டக்காரர்களைப் பார்த்து வருவது என் வேலை. பழைய ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு மறுநடவு செய்கிறவர்களுக்கு அரசாங்கம் கன்றும் உரமும் கொடுக்கும். கொடுத்தது மண்ணில் இறங்கியிருக்கிறதா என்று மோட்டார்சைக்கிளில் போய்ப் பார்த்து எழுதிக் கொடுப்பேன். ஈப்போ டவுனில், புந்தோங்கில் வளர்ந்தவன் நான். பயிற்சி நிலையத்தில் படித்த அளவுதான் எனக்கு விவசாயம் தெரியும். அதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

அந்தக் கணவன் மனைவியை அப்படிப் போனபோதுதான் சந்தித்தேன். இருவரும் முப்பதை ஒட்டிய வயது, இருவரும் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலாளர்கள். வேலை செய்த தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது மற்றவர்கள் ஈப்போவுக்கு வேலை தேடிப் போனார்கள். இவர்கள் நகைகளை விற்று மூன்று ஏக்கர் வாங்கினார்கள். கிழட்டு மரங்களைச் சாய்த்துவிட்டு ஒட்டுக்கன்று நட்டிருந்தார்கள். அது பால் கொடுக்க ஆறு வருடமாவது ஆகும். அதுவரை வயிற்றுக்கு வேண்டுமே என்று நிரைகளுக்கு நடுவே மரவள்ளி போட்டிருந்தார்கள்.

பார்த்ததும் பிடுங்கச் சொன்னேன். வெள்ளை வேர் நோய் மரவள்ளி வழியாக ரப்பருக்குப் போகும் என்று படித்திருந்தேன். அது சரிதான்.

"பிடுங்கிட்டு எதத் திங்கிறது, சார்?" என்றார் அந்த அக்கா.

"கடலை போடுங்கக்கா. மண்ணுக்கும் நல்லது, பாசார்ல ஒடனே வித்துப் போயிரும்."

அவருடைய கணவர் மெதுவாகப் பேசுகிறவர். "பக்கத்துலயே காடு இருக்கு, சார். பன்னி வருமே."

"அதெல்லாம் ஒன்னும் ஆவாது, அண்ணே," என்றேன். அதுவரை நான் ஒரு காட்டுப்பன்றியைக் கண்ணால் பார்த்ததில்லை.

கடலை நன்றாகவே வந்தது. பூத்தது, காய் பிடித்தது. பறிக்க ஒரு வாரம் இருந்தபோது நான் போனேன். தோட்டத்து வாசலிலேயே அண்ணன் நின்றிருந்தார். உள்ளே அழைத்துப் போனார். நிலம் முழுக்க உழுது போட்டதுபோலக் கிடந்தது. கடலை போனது மட்டுமில்லை. கடலைக்காகத் தோண்டிய பன்றிகள், பக்கத்தில் இருந்த ரப்பர் கன்றுகளையும் வேரோடு புரட்டிப் போட்டிருந்தன. மூன்று நிரைகளில் ஒரு கன்றுகூட நிற்கவில்லை.

அக்கா காய்ந்துபோன ஒரு கன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"எழுதத்தான வந்தீங்க? எழுதுங்க சார். என்னா எழுதறீங்கன்னு பாக்கறேன்."

கன்று அழிந்ததற்குக் காரணம் என்ன என்று நான் நிரப்பும் பாரத்தில் ஓர் இடம் உண்டு. 'பராமரிப்புக் குறைவு' என்று எழுதுவது வழக்கம். அப்படி எழுதினால் மாற்றுக் கன்று கிடைக்காது. அன்றைக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளபடி எழுதினேன்: கடலை போடச் சொன்னது நான், பன்றி வரும் என்று அவர்கள் எச்சரித்தும் நான் கேட்கவில்லை.

என் அதிகாரி ஒரு மலாய்க்காரர். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உனக்குப் பைத்தியமா?" என்று மலாயில் கேட்டார். ஆனாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

மாற்றுக் கன்றுகள் வந்தபோது ஒரு வாரம் லீவு எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் குழி வெட்ட, நானும் வெட்டினேன். இரண்டாம் நாளே உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. மத்தியானம் அக்கா வேலியோரத்து வாழையில் இலை அறுத்துச் சோறு போட்டார். பழத்தில் கொட்டை நிறைந்த சாதி அது. யாரும் தின்ன மாட்டார்கள். ஆனால் இலை அகலமாக, சீக்கிரம் கிழியாததாக இருந்தது.

"இந்த மாதிரி எல ஈப்போல கெடைக்கலன்னு நான் சாப்புடற கடை முதலாளி பொலம்பிக்கிட்டே இருக்காரு," என்றேன். சும்மா பேச்சுக்குத்தான் சொன்னேன்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "அவருக்கு ஒரு நாளைக்கு எவ்ளோ எல வேணும்?"

முதல் கட்டு இலையை அவரே ஈப்போவுக்கு பஸ்ஸில் கொண்டுவந்தார். கூட்டத்தில் இடிபட்டு எல்லாம் கிழிந்திருந்தன. கடை முதலாளி, ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம், ஓர் இலையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "என்னம்மா, எல கேட்டா சீப்பு கொண்டாந்திருக்கீங்க?" கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவிட்டார். ஆனால் திரும்பும்போது பஸ்ஸில் ஏறும்வரை கிழிந்த இலைகளையே புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வந்தார். இந்தத் தடவை இலையை விடியும்போதே அறுத்து, கொஞ்சம் வாடவிட்டு, நடுத்தண்டைச் சீவிச் சுருட்டி, ஈரச்சாக்கில் கட்டியிருந்தார். முதலாளி ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். ஒன்றுகூடக் கிழியவில்லை.

"நாளைக்கும் வருவீங்களா?" என்றார்.

"தெனமும் வாரேன் லா, அண்ணே."

கடலை போட்ட இடத்தில் அந்தச் சாதி வாழையையே நட்டோம். ரப்பர் நிரையிலிருந்து எவ்வளவு தள்ளி நடவேண்டும் என்று இந்தத் தடவை நாடா பிடித்து அளந்தேன். பன்றி வராமல் இருக்க அண்ணன் பழைய தகரம் வாங்கி வேலி அடைத்தார். எல்லையோரம் பெத்தாய், டுரியான் மரங்களும் வைத்தார். ஒரு வருடத்தில் மூன்று கடைகள் இலை கேட்டன. அக்காவின் தோட்டம் போதவில்லை. பக்கத்து நிலத்துப் பெண்கள் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டார். அவர்களுக்கு இலை சுருட்டக் கற்றுக்கொடுத்தபோது அவர் போட்ட சத்தத்தில் ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

ரப்பர் மரங்கள் வளர்ந்து தலைகூடி நிழல் விழுந்ததும் உள்ளே வாழை மெலிந்தது. அதற்குள் ஓடைக்கரையில் புது வாழைக்கன்றுகள் வைத்துவிட்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ரப்பர் மரத்தை முதல்முறை பால் வெட்டத் திறந்த அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணன் முதல் மரத்துக்குச் சூடம் காட்டிவிட்டுக் கத்தியை வைத்தார். வெள்ளைக் கோடாகப் பால் இறங்கியது. அக்கா கடைகளுக்குப் போகும் வேனில் இலை ஏற்றிவிட்டு மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"இப்பவே சொல்லிட்டேன், நான் இனிமே பால் வெட்ட வரமாட்டேன்," என்றார்.

"ஒன்ன யாரு கூப்புட்டா?" என்றார் அண்ணன். கண் பாலிலேயே இருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.