ஐந்து பிள்ளைகள், நாலு பெயர்கள்

என் பழைய நினைவுகளைப் புத்தகமாகப் போட முன்வந்த நண்பர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "பேரில்லாமல் எழுதினால் ஆர் நம்புவினம்? உண்மையான ஆக்கள் எண்டால் உண்மையான பேரைப் போடும்." தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வந்து மூன்று கிழமையாகிறது. ஒரு பெயரை எழுதுகிறேன், வெட்டுகிறேன், திரும்ப எழுதுகிறேன். போட்டாலும் துரோகம், போடாவிட்டாலும் துரோகம் என்று படுகிறது. எனக்கு என்மேலேயே எரிச்சல். இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததும் இல்லை. அறுபதுகளின் நடுவில், பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்துக்கொண்டு, ஊராருக்குக் கல்வெட்டு எழுதிக் கொடுத்த நாட்களில் என்னைப் பிடித்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் நடக்கும் அந்தியேட்டிச் சடங்குக்கு அவருடைய வாழ்க்கையைப் பாட்டாக எழுதி, சின்னப் புத்தகமாக அச்சடித்து, வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். அதுதான் கல்வெட்டு. கொடுக்குமுன் ஒருவர் அதைச் சபையில் இராகத்தோடு படிப்பார். பாட்டு எப்படி என்று ஒருவரும் கவலைப்படுவதில்லை. தன் பெயர் வருகிறதா, யாருக்குப் பின்னால் வருகிறது என்பதற்குத்தான் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். ஒரு மருமகனின் பெயர் விடுபட்டு, இரண்டு வீட்டுக்காரர் வருஷக்கணக்காக முகம் பார்க்காமல் திரிந்ததை நானே கண்டிருக்கிறேன்.

எங்கள் அடுத்த வீட்டுக்காரர் பாய்க்கப்பலில் தண்டையலாக இருந்தவர். கப்பலை நடத்திய அதே குரலில்தான் வீட்டையும் நடத்தினார். பிள்ளைகள் ஐந்து பேர். அதில் மூத்த மகளை மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கவிட்டார். அந்த அக்கா ஆஸ்பத்திரித் தாதியாகி, ஒரு வேதக்காரரை, அதாவது கிறிஸ்தவரை, விரும்பிக் கட்டிக்கொண்டு மானிப்பாய்க்குப் போய்விட்டார். "அவளின்ரை பேரை இந்த வளவுக்குள்ளை ஒருத்தரும் சொல்லப்படாது" என்றார் தண்டையல். எட்டு வருஷம் ஒருவரும் சொல்லவில்லை. எட்டாவது வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார்.

கல்வெட்டு எழுதும் வேலை என்னிடம் வந்தது. கொழும்பில் கிளாக்கராக இருந்த மூத்த மகன் ஒரு அரைத்தாளைக் கொண்டுவந்து தந்தார். அதில் பிள்ளைகள் நாலு பேரின் பெயர்கள் இருந்தன.

"உதுக்கு மேலை ஒரு பேரும் வேண்டாம். அப்புவின்ரை சொல்லு அப்புவோடை போகக்கூடாது."

"ஓம் அண்ணை" என்றேன்.

அடுத்த நாள் காலை கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தண்டையலின் மனைவி கூப்பிட்டார். நான் மாமி என்று கூப்பிடுகிறவர். எழுத வாசிக்கத் தெரியாது.

"தம்பி, நீதானே எழுதுறாய்? அவளின்ரை பேர் வரவேணும். அந்த மனுசன் இருக்கேக்கை நான் வாய் திறக்கேல்லை. ஒருக்கால், எல்லாரும் இருக்கிற இடத்திலை, அந்தப் பேரை என்ரை காதாலை கேக்கவேணும்."

"ஓம் மாமி" என்றேன்.

இரண்டு பேருக்கும் ஓம் சொன்ன வாயை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. செலவு மகனுடையது, துக்கம் தாயுடையது. பெயரைப் போடுவதென்றாலும் எந்தப் பெயரைப் போடுவது? தகப்பன் வைத்ததையா, அக்கா ஞானஸ்நானத்தில் எடுத்ததையா? இந்தக் கேள்வி பெரிய தர்மசங்கடம் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், ஒளிந்துகொள்ள எனக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் எனக்கு ஒரு கெட்டித்தனம் உதித்தது. "மக்கள் ஐவரைப் பெற்று" என்று ஒரு அடி. அதற்குக் கீழே நாலு பெயர்கள். பெயர் இல்லாவிட்டாலும் அக்கா கணக்கில் இருப்பார், தாய்க்கு விளங்கும், தமையனுக்குப் பிடிபடாது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். அச்சகத்தில் புரூவ் பார்க்க வந்த அண்ணை பெயர்களின்மேல் மட்டும் விரலை ஓட்டிவிட்டுச் சரி என்றார். கடைசிப் பக்கத்தில் ஆக்கியோன் என்று என் பெயர் இருந்தது.

அந்தியேட்டி அன்று கல்வெட்டைப் படித்தவர் நல்ல குரல்காரர். மாமி கதவு நிலையோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "ஐவர்" என்ற சொல் வந்ததும் தலையை நிமிர்த்தினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பாட்டு பேரப்பிள்ளைகளுக்குத் தாவிவிட்டது. மாமி நிமிர்த்திய தலையை இறக்கவேயில்லை.

ஆட்கள் சாப்பிட எழும்பிய நேரம் என்னைக் கையால் கூப்பிட்டார். "அஞ்சாவது பேரை அவர் படிக்காமல் விட்டிட்டாரோ தம்பி?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "அப்பிடித்தான் போலை" என்றேன்.

"பறவாயில்லை. புத்தகத்திலை கிடக்குத்தானே." ஒரு கல்வெட்டை எடுத்து என் கையில் வைத்தார். "அவளிட்டைக் கொண்டுபோய்க் குடு. தன்ரை பேரைத் தானே பாக்கட்டும்."

சனிக்கிழமை இரண்டு பஸ் மாறி மானிப்பாய்க்குப் போனேன். போகாமலே இருந்துவிட்டு, கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று மாமியிடம் சொல்லலாமா என்றுகூட முதலில் யோசித்திருந்தேன். அக்கா வீட்டு முற்றத்தில் வெள்ளைச் சீருடையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். தகப்பன் இறந்த செய்தி அவருக்கு ஏற்கனவே போயிருந்தது. செத்த வீட்டுக்கு வரவேண்டாம் என்ற செய்தியும் கூடவே போயிருந்தது. தேத்தண்ணி தந்துவிட்டு, கல்வெட்டை முதலிலிருந்து மெதுவாகப் படித்தார். அந்தப் பக்கம் வந்ததும் நின்றார்.

"அஞ்சு எண்டு போட்டு நாலு பேர் போட்டிருக்கு. உது ஆரின்ரை யோசனை?"

"என்ரைதான் அக்கா. நீங்கள் கணக்கிலை இருக்கவேணும் எண்டு..."

"கல்வெட்டிலை கணக்கிலை இருந்து பேரில்லாமல் போற பிள்ளை எது, தம்பி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குழந்தையிலேயே இறந்த பிள்ளையைத்தான் எங்கள் கல்வெட்டுகளில் அப்படி எழுதுவது வழக்கம். பெற்றது இத்தனை என்று தொகை சொல்லி, இருப்பவர்களின் பெயரை மட்டும் போடுவோம். அதற்கு முந்தின வருஷம் இன்னொரு வீட்டுக்கு நானே அப்படி எழுதியிருந்தேன். அண்ணை பேசாமல் விட்டிருந்த ஒருவரை நான் சாகடித்து, இராகம் போட்டுப் படிக்கவும் வைத்து, இருநூறு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எந்தப் பேரைப் போடுறதெண்டு தெரியேல்லை அக்கா" என்று உளறினேன்.

"கேட்டிருக்கலாமே. மானிப்பாய் என்ன கடலுக்கு அங்காலையோ?" பிறகு கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "உன்ரை பேர் மட்டும் கொட்டை எழுத்திலை வடிவா வந்திருக்கு."

உள்ளே போய் ஒரு பேனை எடுத்து வந்தார். தன் பெயரை எழுதப்போகிறார் என்று நினைத்து, கொஞ்சம் ஆறுதல்கூடப் பட்டேன். அவர் "ஐவர்" என்பதை ஒரு கோட்டால் வெட்டி, அதற்கு மேலே "நால்வர்" என்று எழுதினார்.

"செத்தவளா இருக்கிறதைவிடப் பிறவாதவளா இருக்கிறன். இதை அம்மாட்டைக் குடு."

ஊருக்குத் திரும்பும் வழி முழுக்க எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கோபத்தில் செய்தாரா, துக்கத்தில் செய்தாரா? அதை மாமியிடம் கொடுப்பது சரியா, கடலில் எறிவது சரியா? இன்றுவரை தெரியாது. கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன்.

மாமி பக்கத்தைத் திறந்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். "உதிலை மையாலை எழுதியிருக்கு. அவள் எழுதினதோ?"

"ஓம் மாமி."

"கீழை என்ன வெட்டிக்கிடக்கு?"

"அது அச்சிலை வந்த பிழை மாமி. என்ரை பிழை."

"அப்ப, நீங்கள் விட்ட பேரைத் தானே எழுதிப்போட்டாள்." மாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் அந்த நேரம் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. என் கையைப் பிடித்தார். "எது எண்டு தொட்டுக் காட்டு."

அவருடைய விரலைக் கொண்டுபோய் அந்தச் சொல்லின்மேல் வைத்தேன்.

"இவ்வளவு சின்னனோ? கூப்பிடேக்கை நீளமாயெல்லோ இருக்கும்."

"எழுத்திலை அப்பிடித்தான் வரும் மாமி."

அவர் நம்பினார். விரலை எடுக்காமல், எட்டு வருஷத்துக்குப் பிறகு மகளின் பெயரை வாய்விட்டுச் சொன்னார். பக்கத்து அறையில் அண்ணை இருந்தார் என்பதைக்கூடக் கவனிக்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்போல, விரலை நகர்த்தி நகர்த்தி, இன்னுமொருமுறை சொன்னார்.