நாலு ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல்

ஆரணிக்குப் பக்கத்துச் சேவூரில் சாவித்திரியின் வீட்டுக்கு வழி கேட்டால், “டிசைன் போடுற அம்மாவா?” என்று திருப்பிக் கேட்பார்கள். பதினெட்டு வயதில், தொண்ணூற்று மூன்றில், பட்டுப்புடவை டிசைன்களைக் கட்டம் போட்ட தாளில் நிரப்ப ஆரம்பித்தாள். இரண்டாயிரத்து ஒன்றில் கம்ப்யூட்டர் வாங்கினாள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஆறு மாதம் அதைத் திட்டித் திட்டியே கற்றுக்கொண்டாள்.

ஆரணியின் பட்டுக்கடைக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. டிசைன் முடிந்ததும் கடை ஆள் வருவார். அவர் கண்ணெதிரே கம்ப்யூட்டரிலிருந்து அதை அழிக்க வேண்டும். பிரதி வேறெங்கும் இருக்கக் கூடாது. தாள் காலத்தில் தாளையே வாங்கிக்கொண்டு போனார்கள். பக்கத்துக் கடையில் அதே பார்டர் தொங்கிவிடுமோ என்ற பயம். நான்கு மாதம் கண் எரிய வரைந்ததை ஒரு பட்டனில் அழிக்கும்போது சாவித்திரிக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு எரியும். அழித்துவிடுவாள். எல்லாரும் அழித்தார்கள்.

இரண்டாயிரத்து எட்டில் ஜெகநாதன் கல்யாண சீசனுக்கு நாற்பத்தொரு டிசைன் கேட்டார். பெரிய கடை; பதினைந்து வருடப் பழக்கம். எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகக் கட்டிப் பாஸ்வேர்டு போட்டாள். ஐந்தரை ஜிபி வந்தது. புதிதாக வாங்கிய எட்டு ஜிபி பென் டிரைவில் போட்டாள். இடம் போதவில்லை என்றது கம்ப்யூட்டர். பென் டிரைவ் காலியாக இருந்தது. மறுபடியும் போட்டாள். மறுபடியும் அதையே சொன்னது.

வாங்கிய கடைக்கே போனாள். கடைக்காரன் ஹேமநாத் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான்.

“டூப்ளிகேட்ட தலைல கட்டிட்டியா?”

“அக்கா, எடுத்ததுமே சண்டையா? இது ஃபேட் 32. நாலு ஜிபிக்கு மேல ஒரே ஃபைல் ஏறாது. எவ்ளோ காலி இருந்தாலும் ஏறாது.”

“அப்ப எட்டு ஜிபின்னு எதுக்கு எழுதி வெச்சிகிறான்?”

“ரெண்டு ஃபைலா உடைச்சிப் போடுங்க, ஏறும். இல்லன்னா என்டிஎஃப்எஸ்ல ஃபார்மேட் பண்ணுங்க, முழுசா ஏறும். ஆனா விண்டோஸ் 98 மெஷின்ல சொருகினா தெரியாது. உங்க இஷ்டம்.”

அங்கிருந்தே ஜெகநாதனுக்கு போன் செய்தாள். “ரெண்டா உடைச்சித் தரட்டுங்களா?”

“வாணாம்மா. உடைச்சா பார்டர் ஒருத்தன் கைக்குப் போவும், முந்தி இன்னொருத்தன் கைக்குப் போவும். ஒரே ஃபைல், ஒரே பூட்டு.”

அப்படியென்றால் என்டிஎஃப்எஸ்தான். ஜெகநாதன் கடையில் இருப்பது புது கம்ப்யூட்டர், படிக்கும். படிக்காதது, டிசைனைப் பார்த்துத் தறிக்கு அட்டை குத்துகிற தணிகாசலத்தின் பட்டறையில் இருக்கிற பழைய 98. அங்கே இது போக வேண்டிய வேலையே இல்லை. முதலாளி திறந்து ஒவ்வொரு டிசைனாகத்தான் அனுப்புவார்.

மறுநாள் கடை ஆள் முத்துவேல் வந்தார். ஃபைல் ஏறியிருப்பதைத் திறந்து காட்டினாள். அவர் பார்த்துக்கொண்டிருக்க கம்ப்யூட்டரிலிருந்து அழித்தாள்.

“அண்ணா, இத முதலாளி கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் சொருகணும். பட்டறைக்கு எடுத்துகினு போவக் கூடாது.”

“சரிம்மா, சரிம்மா. நா இன்னா சின்னப் புள்ளயா?”

போகிற வழியில்தான் பட்டறை. ஜல்தியாக வேலை முடியட்டும் என்று முத்துவேல் அங்கேயே இறங்கினார். பழைய கம்ப்யூட்டர் பென் டிரைவைப் பார்த்தது. இது ஃபார்மேட் ஆகவில்லை, ஆக்கட்டுமா என்று கேட்டது. தணிகாசலம் முத்துவேலைப் பார்த்தார். “கேக்குதே, ஆமான்னு அமுக்கு” என்றார் முத்துவேல்.

மாலையில் ஜெகநாதன் கூப்பிட்டனுப்பினார். திருவண்ணாமலையிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வந்த குடும்பம் மெத்தையில் உட்கார்ந்திருந்தது. அவர்களுக்கு எதிரிலேயே பென் டிரைவைச் சாவித்திரியின் பக்கம் எறிந்தார்.

“காலி டப்பாவ குட்த்து அனுப்பிகிற. நாப்பத்தொண்ணையும் காஞ்சிபுரத்துல எவனுக்கு வித்த? பதினஞ்சி வருசமா திருடிக்குச் சோறு போட்டுகினு இருந்திருக்கேன்.”

முத்துவேல் புடவை மடித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

“அண்ணா, ஏறினத நீங்க பாத்தீங்களே. சொல்லுங்க.”

“எனக்கு இன்னாம்மா தெரியும் கம்ப்யூட்டரு?”

அவள் பென் டிரைவைப் பொறுக்கிக்கொண்டு நேராகப் பட்டறைக்கு நடந்தாள். தணிகாசலம் ஒளிக்கவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னார். “எனக்கும் பேஜாராதான் இருக்குது” என்றார். அவள் அங்கிருந்து ஹேமநாத்திடம் போனாள்.

“ஃபார்மேட் பண்ணா அட்டவணைதான்க்கா போவும். சரக்கு உள்ள இருக்கும். புதுசா எதையும் எழுதாதீங்க” என்று, போனதைத் தேடி எடுக்கிற சிடி ஒன்றைக் கொடுத்தான்.

மறுநாள் காலையிலிருந்து தேடவிட்டாள். பகல் முழுக்கத் திரையில் ஒரு பச்சைக் கோடு நகர்ந்தது. சோறு பொங்கவில்லை. ஃபைல் வந்தாலும் ஜெகநாதனுக்குத் தரக் கூடாது என்று ஒரு மணிநேரம் நினைத்தாள். தராவிட்டால் திருடி என்றது உறுதியாகிவிடும் என்று அடுத்த மணிநேரம் நினைத்தாள். இரண்டும் எரிச்சலாக இருந்தது. நாலரை மணிக்கு ஃபைல் வந்தது. பாஸ்வேர்டு போட்டாள். நாற்பத்தொன்றும் இருந்தன. பென் டிரைவை மறுபடியும் என்டிஎஃப்எஸ் ஆக்கி அதில் ஏற்றினாள். இந்த முறை கம்ப்யூட்டரில் இருந்ததை அழிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல், கடையில் கூட்டம் நிறைந்த நேரமாகப் பார்த்துப் போனாள். பட்டறையில் அழிந்ததைத் தன் கம்ப்யூட்டரில் மீட்டதாகச் சொல்லி, ஜெகநாதனின் கம்ப்யூட்டரில் தானே சொருகித் திறந்தாள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் தெளிந்தது.

“அட, எல்லாம் இருக்குதே! முத்துவேலு, அம்மாவுக்குக் காபி சொல்லு.”

“காபி வாணாங்க. அன்னிக்கு ஜனங்க எதிர்ல என்னத் திருடின்னு சொன்னீங்க. இன்னிக்கும் ஜனங்க இருக்காங்க. இல்லன்னு சொல்லுங்க.”

“மெஷினு பண்ண தப்பும்மா அது.”

“மெஷினு என்னத் திருடின்னு சொல்லல.”

புடவை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பினார்கள். ஜெகநாதன் சிரிக்கப் பார்த்தார். “வியாபார நேரம்மா. அப்பறம் பேசலாம்.”

அவள் மெத்தையின் நடுவில், விரித்த புடவைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். “பேசுங்க. இருக்கேன்.”

கால்மணி நேரம் போயிற்று. ஒரு குடும்பம் எழுந்து போயிற்று. இன்னொன்று எழுந்தது.

“சரிம்மா, நீ எடுக்கல” என்றார் ஜெகநாதன், டிசைன்களைப் பார்த்தபடி.

“அவங்களப் பாத்துச் சொல்லுங்க.”

அவர் திரும்பினார். “இந்த அம்மா எதையும் திருடல. நான்தான் தப்பாச் சொன்னேன்.” குரல் தெளிவாகவே வந்தது. பிறகு வழக்கமான குரலில், “உங்கிட்ட இருக்கற பிரதிய எப்ப அழிப்ப? முத்துவேல அனுப்பட்டா?” என்றார்.

“அனுப்பாதீங்க. அழிக்க மாட்டேன்.”

“அப்ப இனிமே உனக்கு வேலை இல்ல.”

“தெரியும்” என்று சொல்லி அவள் செருப்பை மாட்டினாள். ஒரு செருப்பின் வார் கழன்றிருந்தது. அதையும் திட்டிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.